ஒன்பதாம் பந்தியும் பனையோலைப் பிளாவும்

சுகாதாரப் பகுதிக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு அனுபவத்தில் இருந்து ஏதாவது எழுதித் தாருங்கள் என்று பிரதேச சபையில் கேட்டார்கள். நடைமுறைகளைப் பற்றி எழுதமாட்டேன். அவை உங்கள் மேசை லாச்சிக்குள் கிடக்கின்றன. பாதியை எழுதியவன் நான்தான். முப்பத்தொரு வருடச் சேவையில் ஒரு நடைமுறையையும் மீறாதவர் என்று பிரியாவிடைக் கூட்டத்தில் என்னைப் புகழ்ந்தார்கள். நான் மறுக்கவில்லை. என் மனைவி மட்டும் பின்வரிசைக் கதிரையில் இருந்து இருமினார். அந்த இருமலின் காரணத்தை எழுதி வைத்தால் உங்களுக்குச் சுற்றறிக்கையைவிடக் கூடுதலாகப் பயன்படும்.

எங்கள் சபை எல்லைக்குள் ஒரு பெரிய சிவன் கோயில் இருக்கிறது. சிவராத்திரிக்கு அங்கே ஒரு வழக்கம். தீர்த்தக்குளத்தில் நீர் அள்ளிக்கொண்டு வீதியைக் கடந்து போய், வெளியே இருக்கும் பெரிய லிங்கத்துக்கு அவரவர் தம் கையாலேயே ஊற்றலாம். இடையில் குருக்கள் வேண்டாம், சீட்டு வேண்டாம், யாருடைய சிபாரிசும் வேண்டாம். இந்த ஒன்றுக்காகவே நறுவிலிக்குளத்தில் இருந்தும் பாப்பாமோட்டையில் இருந்தும் நெல்வெட்டு முடிந்த கையோடு உழவு இயந்திரப் பெட்டிகளில் சனம் வந்து இறங்கும்.

ஒரு காலத்தில் செம்பிலும் குடத்திலும் அள்ளினார்கள். பிறகு தண்ணீர்ப் போத்தல் வந்தது. அதற்குப் பிறகு கடைகளில் மூன்று நான்கு நிறங்களில் சின்னப் பிளாஸ்டிக் குடங்கள் வந்தன. ஒரு தடவை ஊற்றியதும் அந்தக் குடத்தின் பிறவிப்பயன் முடிந்துவிடும். மறுநாள் குளத்தில் தண்ணீரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். காற்று மிச்சத்தை உப்புத் தரவை வெளி வரை கொண்டுபோகும். மன்னார்க் கழுதைகள் தெரு நடுவே நின்று போத்தல் மூடிகளை மென்றுகொண்டிருக்கும். கழுதைகளுக்கு அறிவித்தல் அனுப்ப முடியாது என்பதால் மனிதருக்கு அனுப்பத் தீர்மானித்தேன்.

குளத்தைச் சுத்தமாக்குவது எங்கள் சபைத் தொழிலாளர்கள், ஏழு பெண்கள். ஒவ்வொரு வருடமும் சிவராத்திரிக்கு மறுநாள் தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு நாள் இடுப்பளவு தண்ணீரில் நின்று பொறுக்குவார்கள். அவர்களின் மேற்பார்வையாளர் நறுவிலிக்குளத்துக்காரி. பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சபையில் எல்லோரும் அவரை அக்கா என்பார்கள், அவரைவிட ஆறு வயது மூத்த நான் உட்பட. அவருடைய கணவர் கோயிலுக்குக் கிழக்கே உள்ள பனங்கூடலில் மரம் ஏறிக் கள்ளுச் சீவுகிறவர். இதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் தயாரித்த அறிவித்தலில் பதினொரு பந்திகள், அதாவது இலக்கமிட்ட பத்திகள், இருந்தன. ‘எவ்வகையான பிளாஸ்டிக் கொள்கலனையும் கோயில் வீதிக்குள் கொண்டுவருதல் முற்றாகத் தடை’ என்பது நாலாம் பந்தி. ‘எவ்வகையான’ என்ற சொல்லை ஆசையோடு சேர்த்தேன். கூட்டத்தில் எட்டு உத்தியோகத்தர்கள் வாசித்தார்கள். ஒருவர் ஒரு காற்புள்ளியைத் திருத்தினார். கடைசிக் கதிரையில் இருந்த அக்கா மட்டும் ஒன்று கேட்டார்.

“அப்ப சனம் தண்ணியை எதுக்குள்ள கொண்டு போறது, ஐயா?”

நல்ல கேள்வி என்றேன். கூட்டங்களில் ஓர் உத்தியோகத்தர் ‘நல்ல கேள்வி’ என்றால் அவரிடம் பதில் இல்லை என்று அர்த்தம். இருந்த இடத்திலேயே ஒன்பதாம் பந்தியை எழுதிச் செருகினேன்: ‘மாற்று ஏற்பாடுகளைப் பொதுமக்களே மேற்கொள்ளல் வேண்டும்.’ எட்டுப் பேரும் தலையாட்டினார்கள். அக்கா ஆட்டவில்லை.

எட்டுப் படித்தவர்களுக்கு அந்தக் கேள்வி ஏன் தோன்றவில்லை என்று பிறகு பல நாள் யோசித்திருக்கிறேன். விடை எளிது. சிவராத்திரியன்று உத்தியோகத்தர்கள் வந்தால் கோயில் மண்டபத்தில் இருந்து துலக்கிய பித்தளைச் செம்பு வரும். நிறைந்தே வரும். ஊற்றிவிட்டுத் திருப்பிக் கொடுப்போம். இத்தனை வருடத்தில் அந்த வரிசையில் வெறுங்கையோடு நின்றவர் எங்களில் ஒருவருமில்லை. செம்பு தானாக வரும் என்றுதான் நாங்கள் எல்லோரும் உள்ளூர நம்பிக்கொண்டிருந்தோம்.

அந்தச் சிவராத்திரியன்று காலை எல்லாம் என் திட்டப்படியே நடந்தது. அதுதான் கோளாறு. வாசலில் தடுப்புப் போட்டோம். போத்தல்களையும் குடங்களையும் வாங்கி மூட்டை கட்டினோம். ஆறாம் பந்தியின்படி மூட்டைகளை உடனுக்குடன் உழவு இயந்திரத்தில் ஏற்றிக் கழிவுத் தளத்துக்கு அனுப்பினோம். பிளாஸ்டிக் குடங்கள் நிறைந்த ஒரு லொறியையும் வாசலுக்கு வெளியே மறித்தாயிற்று. லொறிக்காரர் வாதாடவில்லை. லொறி நிழலில் பாய் விரித்துப் படுத்தார். அவசரமில்லை, தான் நிற்பதாகச் சொன்னார். அவருடைய அமைதி எனக்கு அப்போதே சந்தேகத்தைத் தந்திருக்க வேண்டும்.

பத்து மணிக்குக் குளத்தடியில் போய் நின்றேன். குளம் கண்ணாடி போல் கிடந்தது. கரையைச் சுற்றி ஆயிரக்கணக்கில் சனம், கையில் ஒன்றும் இல்லாமல்.

கோயிலில் இருந்த செம்புகள் நாற்பதுக்கு மேல் இல்லை. வீட்டில் இருந்து செம்பு கொண்டுவந்தவர்கள் மிகச் சிலர். அவர்களில் என் மனைவியும் ஒருவர், எங்கள் வீட்டில் சமைக்கிற குசினிச் சுவரிலும் அறிவித்தலில் ஒரு பிரதி ஒட்டியிருந்தேன். மற்றவர்கள் தங்களால் ஆனதைச் செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் சால்வையை நனைத்து ஓடிப்போய் லிங்கத்தின் மேல் பிழிந்தார். ஒரு பையன்மார் கூட்டம் மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தில் நீர் அள்ளியது. அதுவும் நாலாம் பந்தியின் கீழ் வரும் என்று எனக்குத் தெரியும். பெரும்பாலானவர்கள் இரண்டு கையையும் சேர்த்து ஏந்திக்கொண்டு நடந்தார்கள். வீதியின் பாதி தூரத்திலேயே விரல் இடுக்கால் வடிந்து முடிந்துவிடும். நின்று கையைப் பார்ப்பார்கள், திரும்பிக் குளத்துக்கு வருவார்கள்.

அப்படி நான்காம் முறை திரும்பி வந்த ஒரு பெண் என் முன்னால் நின்றார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தமிழ்நாட்டு அகதி முகாமில் இருந்து போன வருடம் திரும்பி, இலுப்பைக்கடவையில் குடியேறியவர். பேச்சில் அக்கரை ஒட்டியிருந்தது. என் சட்டைப்பையில் இருந்த பேனையைப் பார்த்துப் பொறுப்பானவன் நான்தான் என்று முடிவு செய்திருக்க வேண்டும்.

“சார், முகாம்ல வாழ்க்கை பூரா வரிசைலதான் நின்னேன். தண்ணிக்கு, அரிசிக்கு, பதிவுக்கு. நானா ஆசப்பட்டு வந்து நிக்கிற மொத வரிசை இது. எவ்வளவு நேரம்னாலும் நிக்கிறேன். கைல ஒரு ஏனம் மட்டும் குடுங்க.”

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குப் பந்திகள் இருந்தன.

சிறிது நேரத்தில் சபைத் தவிசாளரின் தொலைபேசி அழைப்பு வந்தது. பன்னிரண்டு மணிவரை பார்க்கும்படியும், அதற்குள் ஒரு வழி கிடைக்காவிட்டால் அறிவித்தலை மடித்து வைத்துவிட்டு லொறியை உள்ளே விடும்படியும் சொன்னார். சனம் ஊற்றாமல் திரும்பிப் போனால் தான் ஊருக்குள் போக முடியாது என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. நானும் லொறியை விடுவதற்கு மனத்தில் வசனம் அமைக்கத் தொடங்கினேன்: ‘தவிர்க்க முடியாத காரணங்களினால் நாலாம் பந்தி தற்காலிகமாக…’

அக்கா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“லொறி உள்ள வந்தா நாளைக்குக் குளத்துக்குள்ள இறங்கிறது ஆர், ஐயா? பந்தியே? நானும் என்ர பொம்பிளையளும். போன வருசச் சொறியே எங்களுக்கு இன்னும் காலில மாறேல்ல.”

சொல்லிவிட்டு, கோயில் மதிலுக்கு அப்பால், கிழக்கே, காற்றில் சலசலத்துக்கொண்டிருந்த வடலிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். வடலி என்றால் கையெட்டும் உயரத்தில் நிற்கும் இளம் பனை. பிறகு மெதுவாகச் சொன்னார்: “ஐயா, பிளா.”

வெளியூரில் இருந்து வந்திருப்பவர்களுக்காக: பனையோலையில் ஒரு துண்டை விரித்து, இரு முனைகளையும் மடித்துச் சேர்த்து, கிழித்த ஓலையால் கட்டினால் சின்னத் தோணி போல் ஒரு ஏனம் வரும். அதுதான் பிளா. ஒரு சொட்டும் ஒழுகாது. கூழ் குடிக்கவும் உதவும். ஆனால் எங்கள் பக்கத்தில் பிளா என்றதும் யாருக்கும் கூழ் ஞாபகம் வராது. கள்ளுத்தான் வரும்.

அது கள்ளுக் குடிக்கிற சாமான் என்று நான் குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

“ஓலையே கள்ளுக் குடிச்சது, ஐயா? நாங்கள்தானே.”

இத்தகைய விடயங்களில் உரிய அதிகாரியின் அபிப்பிராயத்தைப் பெற வேண்டும் என்பது நடைமுறை. குருக்களிடம் ஓடினேன். வேர்த்து வழிந்துகொண்டு நின்றார். பிளா என்ற சொல்லைத் தவிர்த்து, ‘பனையோலையிலான ஒருவகைக் கொள்கலன்’ என்று விளக்கினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“பிளாவைச் சொல்லுறியள். புது ஓலைதானே?”

“இனித்தான் வெட்டோணும்.”

“பிறகென்ன? என்ர சாதகமே பனையோலையிலதான் கிடக்கு. அதைப் பார்த்துத்தான் என்னை இந்தக் கோயிலுக்கு எடுத்தவை. கெதியாப் போங்கோ, வெயில் ஏறுது.”

அக்காவின் கணவருக்குச் செய்தி போனது. அரை மணி நேரத்துக்குள், போத்தல் மூட்டை ஏற்றிப் போன அதே உழவு இயந்திரப் பெட்டி நிறையப் பச்சை ஓலை வந்து இறங்கியது. இன்னொருவர் காணியில் ஓலை வெட்ட யாரிடம் எந்தக் கடிதம் பெற வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அன்று அது தெரியாதவனாக இருந்தேன்.

ஆனால் ஓலை பிளா ஆகவேண்டுமே. அக்காவும் கணவரும் அவருடைய தொழில்கூட்டாளிகள் இரண்டு பேரும் நிலத்தில் குந்தியிருந்து கட்டத் தொடங்கினார்கள். எட்டுக் கைகள், கரையில் ஆயிரக்கணக்கான கைகள். மணி பதினொன்று கடந்துவிட்டது. ஒலிபெருக்கியில் அறிவிக்கச் செய்தேன்: பிளா கட்டத் தெரிந்த அடியார்கள் குளத்தடிக்கு வந்து உதவும்படி.

ஒருவரும் வரவில்லை.

கூட்டத்தைப் பார்த்தேன். பட்டு வேட்டி, வெறும் மேல், நெற்றியில் மூன்று குறி. பாடசாலை அதிபர் ஒருவர் ஆகாயத்தைப் பார்த்தார். வங்கி முகாமையாளர் தன் கால் விரல்களை எண்ணினார். ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் ஒரு மனைவி நின்றார். பிளா கட்டத் தெரியும் என்று சிவராத்திரி விரதத்தன்று, சிவன் சன்னிதியில், மனைவிக்கு முன்னால் ஒப்புக்கொள்ளும் துணிவு ஒருவருக்கும் இல்லை. தெரியாதவர்கள் என்று நான் நினைக்கவில்லை. அந்த முகங்களில் பல எனக்கு வேறோர் இடத்தில் பழக்கமானவை.

அக்கா தலை நிமிராமல், ஓலையை மடித்தபடி, எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்.

“ஐயா இப்பிடி நிலத்தில குந்தினால்தான் அவையளும் வந்து குந்துவினம்.”

“எனக்குக் கட்டத் தெரியாது,” என்றேன்.

“சனிக்கிழமையில எங்கட மனுசன்ர மரத்தடிக்கு வாற ஐயா அப்ப வேற ஆரோ.”

இளையவர்களே, நெருக்கடியில் முடிவெடுப்பது பற்றி எனக்கு நிறையப் பயிற்சி தந்திருக்கிறார்கள். நன்மைகளை இடப்பக்கம் எழுது, தீமைகளை வலப்பக்கம் எழுது என்பார்கள். அன்று இடப்பக்கத்தில் ஒரு குளமும், ஏழு பெண்களின் கால்களும், நான்கு தடவை வெறுங்கையோடு திரும்பிய ஒருவரும் இருந்தார்கள். வலப்பக்கத்தில் என் மானம் மட்டும் இருந்தது. அப்படி எழுதிப் பார்த்தால் இலகுவாகத் தெரிகிறது. ஆனால் என் மனைவி பத்தடி தூரத்தில், பித்தளைச் செம்போடு நின்றுகொண்டிருந்தார்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிலத்தில் குந்தினேன். ஓர் ஓலையை எடுத்தேன். மெதுவாக, தெரியாதவன் போலக் கட்டத்தான் நினைத்தேன். கை கேட்கவில்லை. விரித்து, மடித்து, சேர்த்து, கட்டி, மூச்சு ஒன்று விடுவதற்குள் பிளா தயார். ஓரம்கூட நேராக இருந்தது. அக்காவின் கணவர், ஆசான் மாணவனைப் பார்ப்பது போலப் பார்த்துத் தலையாட்டியதை அவர் தவிர்த்திருக்கலாம்.

மனைவி அருகே வந்தார்.

“நல்ல வடிவா வருது. எங்க பழகினனீங்கள்?”

“கந்தோர் வேலைப் பயிற்சி ஒண்டில.”

“ஓமோ. அந்தச் சனிக்கிழமைக் கூட்டங்களிலயோ?”

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு ஓய்வதற்குள் அதிபர் வந்து என் பக்கத்தில் குந்தினார். அதிபரைக் கண்டதும் முகாமையாளர் வந்தார். பிறகு வரிசை வரிசையாக வந்தார்கள்: கமக்காரர்கள், மீன் வியாபாரிகள், ஓட்டோக்காரர்கள், ஓய்வுபெற்ற நீதிமன்றப் பதிவாளர் ஒருவர். அவருடைய வேகத்தைப் பார்த்து அவருடைய மனைவி வாயில் கை வைத்தார். பெண்கள் தங்களுக்குள் கணவன்மாரின் திறமையை ஒப்பிடத் தொடங்கினார்கள். “எங்கட ஆள் மற்ற எல்லாத்துக்கும் இடக்கை, இதுக்கு மட்டும் பார்” என்று யாரோ சொல்வது கேட்டது. அன்றைக்கு மன்னாரில் எத்தனை வீட்டு இரகசியங்கள் வெளிவந்தன என்பதை நான் அறிக்கையில் சேர்க்கவில்லை.

நான் கட்டிய முதல் பிளாவை இலுப்பைக்கடவைப் பெண்ணிடம் கொடுத்தேன். அவர் குளத்தில் இறங்கி அள்ளினார். பிளாவைத் தூக்கி அடியில் பார்த்தார். ஒழுகவில்லை. வீதியைக் கடந்து போனார், நான் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி தூரத்தில் ஒரு தடவை நின்று, பழக்கதோசத்தில் கையைக் குனிந்து பார்த்தார். நீர் இருந்தது. நடந்தார். லிங்கத்தின் உச்சியில் ஊற்றினார். கண் மூடி நிற்பார் என்று நினைத்தேன். நேரே திரும்பி என்னிடம்தான் வந்தார், முகம் முழுவதும் சிரிப்பு.

“சார், இன்னொரு தடவ போலாமா? இது எனக்கு ஊத்துனது. அங்க முகாம்ல இருக்கறவங்க ஆளாளுக்கு பேர் சொல்லி அனுப்பிருக்காங்க.”

எத்தனை பேர் என்று கேட்டேன். ஆறு வீட்டுக்காரர் என்றார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு தடவை, மறுபடி மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்று, மாலைவரை ஊற்றினார். முன்னால் விடும்படி சொல்லட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார். வரிசை நன்றாக இருக்கிறதாம்.

பன்னிரண்டு மணிக்கு லொறிக்காரர் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு உள்ளே வந்தார். சண்டைக்கு என்று நினைத்து எழுந்து நின்றேன். அவர் கும்பலை ஒரு சுற்றுப் பார்த்தார், அதிபரை ஒதுங்கச் சொல்லி இடம் பிடித்தார், ஓர் ஓலையை எடுத்தார். சொல்லத்தான் வேண்டும், அன்று கட்டிய அத்தனை பிளாக்களிலும் அவருடையதுதான் சிறந்தது. தவிசாளருக்கு அழைத்து நிலைமை கட்டுப்பாட்டில் உள்ளது என்றேன். பின்னால் கேட்கும் சிரிப்பு என்ன என்று கேட்டார். பொதுமக்கள் ஒத்துழைப்பு என்றேன்.

மறுநாள் காலை அக்காவும் பெண்களும் குளத்தில் இறங்கினார்கள். கரையோரம் மிதந்த சில பிளாக்களை அள்ளிக் கரையில் குவித்தார்கள். அவற்றை மாடுகள் தின்றன. தாமதமாக வந்த கழுதைகளுக்கு மிச்சம் கிடைத்தது. பத்து மணிக்கு வேலை முடிந்துவிட்டது. என் வேலைத்திட்டத்தில் பன்னிரண்டு நாள் ஒதுக்கியிருந்தேன். மிச்ச நாட்களுக்கு என்ன செய்வது என்று அக்கா கேட்டார். நான் யோசித்துச் சொல்வதற்குள், முதலில் குளித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார்கள். அந்தக் குளத்தில் அவர்கள் வேலைக்கு அல்லாமல் இறங்கியது அன்றுதான். சிரிப்பும் தண்ணீர் அடிக்கும் சத்தமும் வீதிவரை கேட்டது. நான் அந்தப் பக்கம் போகாமல், தேநீர்க் கடையில் இருந்து அறிக்கையை எழுதினேன்.

அடுத்த அறிவித்தலை எழுதியபோது அக்காவை முன்வரிசைக் கதிரையில் இருத்தினேன், நாலாம் பந்தியை அவரே சொல்ல எழுதினேன். நீங்களும் ஏதாவது ஒன்றைத் தடைசெய்து கையெழுத்து வைக்கும் நாள் வரும். அதற்கு முன் ஒரு தடவை வெறுங்கையோடு வரிசையில் போய் நின்று பாருங்கள். செம்பு வராது.

அந்த அறிக்கையில் நான் பெருமைப்பட்ட ஒரு வரி உண்டு: ‘ஒன்பதாம் பந்தியின் பிரகாரம் மாற்று ஏற்பாடுகளைப் பொதுமக்களே மேற்கொண்டனர்.’ என் சேவைக்காலத்தில் ஒரு பந்தி எழுதியபடியே நிறைவேறியது அந்த ஒரு தடவைதான்.

இரண்டு மாதம் கழித்து மேலிடத்தில் இருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. இணைப்பில் ஒரு படிவம். பொதுமக்களுக்குப் பிளா கட்டும் இப்பயிற்சியை வழங்கிய நிறுவனம் எது, பயிற்சிக் காலம் எவ்வளவு, ஏனைய சபைகளுக்கும் இதை விரிவுபடுத்த முடியுமா என்று மூன்று கேள்விகள். அக்காவிடம் காட்டி ஆலோசனை கேட்டேன்.

“உள்ளதை எழுதுங்கோ, ஐயா,” என்றார்.

எழுதினேன். வீட்டுக்கு ஒரு பிரதி கொண்டுபோய், பழைய அறிவித்தல் இருந்த குசினிச் சுவரில் மனைவியே ஒட்டி வைத்தார். இன்றும் அங்கேதான் இருக்கிறது:

‘நிறுவனம்: உள்ளூர், திறந்தவெளி. காலம்: சனிக்கிழமைகளில், பல வருடங்கள். விரிவுபடுத்தல்: தேவையில்லை. ஏற்கெனவே எல்லாச் சபைகளிலும் நடைமுறையில் உள்ளது.’